வரிசையின் முதல் சைக்கிள்

வடிவு சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது இருபத்து மூன்றாவது வயதில். அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஓடியிருந்தது. ஒன்றரை வயதில் ஒரு பெண்குழந்தையும் இருந்தது. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம், மைசூருக்குத் தெற்கே ஊட்டி ரோட்டில், கடகொளவை அடுத்திருந்த ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குத் தையல் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசல் பன்னிரண்டு கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். எட்டு முப்பத்தொன்றுக்கு வந்து நிற்பவள் மத்தியானம் வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். நஞ்சன்கூடு பஸ்களோ அவளுடைய நிறுத்தத்தை அடையும்போதே படிக்கட்டு வரை நிரம்பியிருக்கும். ஆகவே சைக்கிள்.

கணவர் நஞ்சுண்டசாமி தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி ஒன்றில் வேலை செய்தார். “சைக்கிளா? நீயா?” என்று கேட்டுச் சிரித்தார், தடுக்கவில்லை. அதே தெருவில் குடியிருந்த மாதம்மாவுக்கும் அதே நாளில் அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. மாதம்மா வடிவைவிட மூன்று வயது மூத்தவள். கொள்ளேகாலில் ஒன்பது வயது முதல் சைக்கிள் விட்டுப் பழகியவள். அவள்தான் பள்ளிக்கூட மைதானத்தில் பதினொரு சாயங்காலம் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பன்னிரண்டாம் நாள் சொல்லாமல் கையை எடுத்துவிட்டு, தூரத்தில் நின்று கத்தினாள்: “விட்டுட்டேன்டி கணே! மிதி, மிதி!”

வடிவு மிதித்தாள். இருபத்தோரு வருடம் மிதித்தாள்.

அந்தப் பகுதியிலிருந்து ஆறு பெண்கள் ஒன்றாகப் புறப்படுவார்கள். காலை ஏழு இருபதுக்கு முதல் சைக்கிள் நகரும். ஊட்டி ரோட்டில் லாரிகள் அதிகம் என்பதால் இருவர் இருவராகப் போக முடியாது. ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் வரிசையாகத்தான் போக வேண்டும். முதலில் போகிறவள் பாதையைப் பார்த்துச் சொல்வாள். “குழி!” என்றால் குழி. “மணலு!” என்றால் மணல். அந்தச் சொல் ஒவ்வொரு வாயாகப் பின்னுக்குப் போகும். ஆறாவது ஆளைச் சேர்ந்ததும் அவள் இரண்டு தடவை மணியடிப்பாள். மணி கேட்டால் வரிசை அறுபடவில்லை என்று அர்த்தம். கேட்காவிட்டால் முன்னால் போகிறவள் காலை ஊன்றி நின்றுவிட வேண்டும். இது அவர்களாக வகுத்துக்கொண்ட ஏற்பாடு. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல.

முதல் சைக்கிள் வடிவுடையது. ஆறாவது சைக்கிள், மணியோடு, மாதம்மாவுடையது.

வடிவின் வாழ்க்கையில் அவள் முதலாவதாக நின்ற இடம் வேறொன்றும் இல்லை. வீட்டில் எதையும் தீர்மானித்தவர்கள் கணவரும் மாமியாரும். தொழிற்சாலையில் இன்றுவரை அவள் வேலை சட்டைக்குக் காலர் வைப்பது; இருபத்தெட்டரை வருடத்தில் இரண்டு முறை மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் பெயர் பேசப்பட்டது, இரண்டு முறையும் வேறொருத்திக்குப் போயிற்று. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் ஐம்பத்தெட்டு நிமிடம், ஐந்து பேர் அவள் பின்னால் வந்தார்கள். அவள் “நில்லு” என்றால் நின்றார்கள். அதை அவள் வெளியே சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. உள்ளுக்குள் வைத்திருந்தாள்.

அந்தக் காலைகளை நினைத்தால் முதலில் அவளுக்கு நினைவு வருவது சத்தங்கள்தான். ஆறு ஹேண்டில்களிலும் தொங்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்குள் கரண்டி உருளும் சத்தம். ரோட்டை ஒட்டியே ஓடிய மீட்டர் கேஜ் ரயிலின் சத்தம். தண்டவாளம் அகலப்படுத்தப்படுவதற்கு முன்னால் அது அவர்களோடு போட்டி போடுகிற வேகத்தில்தான் போகும். ஒரு நாள் வடிவு எழுந்து நின்று மிதித்து, இரண்டு பெட்டிகளை முந்தியே விட்டாள். ஜன்னலோரம் இருந்தவர்கள் கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தபோது ஐந்து பேரும் அவள் பின்னால் அதே வரிசையில், ஒரு முழம்கூடப் பின்தங்காமல் வந்துகொண்டிருந்தார்கள்.

வரிசையில் பேச்சும் பின்னுக்குப் போகும். 2003இல் ஒரு நாள் வடிவு, “எங்க மாமியார் கோபிநத்தத்துக்குப் போயிட்டாங்க” என்றாள். இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஊர்ப்பெயர் அந்த ஹாரனில் போயிற்று. ஆறாவது ஆளை அடைந்தபோது செய்தி, “வடிவோட மாமியார் போயிட்டாங்க” என்று ஆகியிருந்தது. மாதம்மா அழுதுகொண்டே எட்டு கிலோமீட்டர் மிதித்தாள். கேட்டுக்கு வந்து வடிவைக் கட்டிக்கொண்டு அவள் தேம்ப, வடிவு சந்தோஷமாக, “ரெண்டு வாரம் நிம்மதிக்கா” என்றாள். மாதம்மா விலகி நின்று அவளைப் பார்த்த பார்வையை மற்ற நால்வரும் பல வருடம் நடித்துக் காட்டினார்கள்.

2017 ஏப்ரல் 3ஆம் தேதி, திங்கட்கிழமை, தொழிற்சாலை சொந்தமாக பஸ் விட்டது. அதற்கு முன்பே இருவர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த நால்வரும் பஸ்ஸில் ஏறினார்கள். கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். சாலை நாலு வழியாகி, நிழல் தந்த தூங்குமூஞ்சி மரங்கள் போய், பயணம் இருபத்தைந்து நிமிடமாகக் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து நால்வரில் மாதேவி இறந்துபோனாள். இன்னொருத்தி மகனோடு ஓசூர் போனாள். மாதம்மாவும் வடிவும் மட்டும் பஸ்ஸின் மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். குழி வந்தால் வடிவின் வாய் தானாக முணுமுணுக்கும்.

2024 நவம்பரில் சுவாதி கேன்டீனில் அவர்கள் எதிரே வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது, தைத்து முடிந்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் மூன்று வருடமாக இருப்பவள். வீட்டில் தமிழ்தான் என்றாலும் அவளுடைய தமிழ் பாதி வழியில் கன்னடத்துக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் குழுவோடு ஊர் சுற்றுகிறவள்.

“ஆண்ட்டி, ஜனவரி பத்தொம்பது, சண்டே. ஹனூர்லேர்ந்து மாதேஸ்வரன் மலைக்கு சைக்கிள் ரைடு. ஒரே இடத்துல வேலை செய்ற மூணு பேர் சேந்து போற மாதிரி ஒரு பிரிவு இதே, இருக்கு. நான் ஒருத்தி இருக்கேன். இன்னும் இப்பரு, ரெண்டு பேரு வேணும்.”

“எங்கள எதுக்குடி கேக்கற? வயசான கட்டைங்க” என்றாள் மாதம்மா.

“உங்க கதை பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும் ஆண்ட்டி. ஆறு பேரு, ஒரே லைன்.”

“எவ்வளவு தூரம்?” என்று வடிவு கேட்டாள்.

“அம்பது கிலோமீட்டர். தாளபெட்டா வரைக்கும் மேடு பள்ளம். அங்கேர்ந்து பதினெட்டு கிலோமீட்டர் பூரா மலை.”

மாதம்மா வாயைத் திறக்கும் முன்பே வடிவு சொன்னாள்: “நான் முன்னாடி போறேன்.”

நவம்பர் 24 முதல் ஜனவரி 12 வரை எட்டு ஞாயிறு பயிற்சி. குழுவிலிருந்து இரண்டு கியர் சைக்கிள்களைச் சுவாதி வாங்கி வந்தாள். அவற்றில் மணி இல்லை. மாதம்மா தன் பழைய சைக்கிளிலிருந்து துருப்பிடித்த மணியைக் கழற்றிக்கொண்டு வந்து புதிய ஹேண்டிலில் பூட்டினாள். “இது ஸ்போர்ட்ஸ் சைக்கிள் ஆண்ட்டி, அசிங்கமா இருக்கு” என்றாள் சுவாதி. “உன் மூஞ்சிக்கு நான் ஏதாச்சும் சொன்னேனா?” என்றாள் மாதம்மா.

வடிவு முன்னால், சுவாதி நடுவில், மாதம்மா கடைசியில். அந்த எட்டு ஞாயிறுகளும் வடிவுக்குப் பழைய காலைகள் திரும்பி வந்த மாதிரி இருந்தன. சாமுண்டி மலை அடிவாரத்துச் சாலையில் பனி விலகுவதற்கு முன்னால், “குழி!” என்று அவள் சொல்ல, “குழி ஆண்ட்டி!” என்று சுவாதி சொல்ல, பின்னாலிருந்து இரண்டு மணி. மூன்றாவது ஞாயிறு சுவாதி, “எதிர்க்காத்து ஜாஸ்தி, நான் முன்னாடி போறேன் ஆண்ட்டி” என்றபோது மாதம்மா வெடுக்கென்று, “பேடா, வேண்டாம். வடிவுதான் முன்னாடி” என்றாள். வடிவு அன்று வீட்டுக்குப் போய் நஞ்சுண்டசாமியிடம் அதைச் சொன்னாள். அவர் செய்தி பார்த்துக்கொண்டே, “உம்” என்றார். அவர் “உம்” போட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஜனவரி 19, ஹனூரில் காலை ஐந்தே முக்கால். நூற்று நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், எல்லாருடைய வாயிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. சைக்கிள் குழுவை நடத்தும் அருண்ராஜ் ஒரு டெம்போவின் பின்பக்கம் ஏறி நின்று முதலில் கன்னடத்திலும் பிறகு தமிழிலும் விதிகளைச் சொன்னான். அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பேச்சில் கொங்கு வாடை அடித்தது.

“தாளபெட்டாவுக்குப் பத்தே காலுக்குள்ள வந்தரோணும். மேல பன்னெண்டரை. அதுக்கு மேல வந்தா கணக்குல சேராதுங்க. மூணு பேர் குழுன்னா மூணாவது ஆளு வர்ற நேரந்தான் குழுவோட நேரம். இந்த டெம்போ கடைசி ஆளுக்குப் பின்னாடியே வரும். முடியலைன்னா லிங்கப்பண்ணன் சைக்கிள ஏத்திக்குவாரு, வெக்கப்படாதீங்க.” ஓட்டுநர் இருக்கையிலிருந்து லிங்கப்பன் கையை வெளியே நீட்டி ஆட்டினார். “இன்னொண்ணுங்க. குழுவா மலை ஏறறவங்க, உங்கள்ல யாரு ரொம்ப மெல்லப் போறாங்களோ அவிங்கள முன்னாடி உடுங்க. அவிங்க வேகத்துலதான் மத்தவங்க போவோணும். நல்லா மிதிக்கிற ஆளு கடைசில. அப்பத்தான் யாரும் பின்னாடி உட்டுப்போக மாட்டாங்க. இதுதான் எங்கயும் வழக்கம்.”

வடிவு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல யோசனை என்றுகூட நினைத்தாள். பிறகு மெல்லத் திரும்பி மாதம்மாவைப் பார்த்தாள். மாதம்மா குனிந்து, ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா.”

“என்ன?”

“அவன் சொன்னது கேட்டுச்சா?”

“எனக்கு எங்க கேக்குது, இந்தக் கூட்டத்துல.”

ஆறே காலுக்குக் கொடி அசைந்தபோது வடிவு சைக்கிளை ஓரமாக நகர்த்தி நின்றாள். “சுவாதி, நீ முன்னாடி போ. அக்கா நடுவுல. நான் கடைசில வரேன்.”

“ஏன் ஆண்ட்டி? எட்டு வாரமா—”

“எனக்குக் கடைசிதான் வேணும்.”

மாதம்மா ஏதோ சொல்ல வந்தாள். பின்னாலிருந்த நாற்பது சைக்கிள்கள் நகரச் சொல்லி நெருக்கின. அவர்கள் புறப்பட்டார்கள்.

கவுதள்ளி வரை வடிவு எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்தாள். ராகி அறுத்த வயல்களில் வைக்கோல் போர். சாலையோரத்தில் கூட்டமாக நடந்துபோகும் மலை யாத்திரைக்காரர்கள். எதையும் அவள் பார்க்கவில்லை. இருபத்தோரு வருடத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள், தையல் தப்பிய சட்டையைப் பிரிப்பதுபோல. ரயிலை முந்திய நாள். திரும்பிப் பார்த்தபோது ஐந்து பேரும் ஒரு முழம் பின்தங்காமல் வந்தார்களே, யாருக்குமே மூச்சு வாங்கவில்லையே. அது அப்போது அவளுக்கு ஏன் உறைக்கவில்லை? ஐந்து பேரும் பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டல்லவா வந்திருக்கிறார்கள்! மாதேவிக்குத் தெரிந்திருக்கிறது. ஓசூர் போனவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஊட்டி ரோட்டில் அவர்களைப் பார்த்த லாரிக்காரர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாதவள் முன்னால் போனவள் ஒருத்திதான்.

தாளபெட்டாவில் நேரம் குறிப்பவர்களை அவர்கள் கடந்தது பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு. அதன்பின் மலை.

சுவாதிக்கு முன்னால் போய்ப் பழக்கமில்லை. அவள் தன் கால் சொன்ன வேகத்தில் ஏறினாள். மாதம்மா கொஞ்ச தூரம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். ஒரு வளைவில் நின்றாள். வடிவு கையை ஆட்டி, “போ, போ” என்று எரிச்சலோடு சொன்னதும் போய்விட்டாள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வடிவின் முன்னால் யாரும் இல்லை. பின்னால் மணியும் இல்லை. மணி மாதம்மாவின் ஹேண்டிலில் மேலே போய்க்கொண்டிருந்தது. மூங்கில் புதருக்குள் ஏதோ சலசலத்தது. கீழே, முதல் கியரில் உறுமிக்கொண்டு டெம்போ வருவது கேட்டது.

அவள் மிதித்தாள். இறங்கித் தள்ளினாள். மறுபடி ஏறி மிதித்தாள். பதினொன்று இருபதுக்கு ஒரு வளைவில் யாத்திரைக்காரர்களுக்கு வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி தென்பட்டாள். வடிவு மூச்சு வாங்க, கன்னடத்தில் கேட்டாள்: “அக்கா, இன்னூ எஷ்டு திருவு?” இன்னும் எத்தனை வளைவு என்று.

வெள்ளரிக்காரி கையை மேலே வீசினாள். “ஹத்தக்கா, ஹத்து!”

பத்து. இன்னும் பத்து வளைவு. வடிவு மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வளைவுக்குப் பத்து நிமிடம் என்றால் நூறு நிமிடம். இருப்பதோ எழுபது. எப்படிப் போட்டாலும் ஒரு மணிக்கு முன்னால் மேலே போக முடியாது. வெள்ளரிக்காரியைத் தாண்டி இருபது அடி போய், சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள்.

டெம்போ பக்கத்தில் வந்து நின்றது. லிங்கப்பன் எட்டிப் பார்த்தார்.

“ஏத்திரட்டுங்களா அம்மா?”

வடிவு சாய்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தாள். “ஏத்துங்க” என்றாள்.

அவர் இறங்கிப் பின்கதவின் கொக்கியை எடுத்தபோது மேலேயிருந்து மணிச்சத்தம் வந்தது. இரண்டு இல்லை, விடாமல், நெருப்பு அணைக்க வருகிற வண்டியைப் போல. மாதம்மா வளைவில் சாய்ந்து இறங்கி வந்தாள். அவள் பின்னால் சுவாதி.

“ஏனே, உக்காந்துட்ட?”

“நீங்க எதுக்கு இறங்கி வந்தீங்க? ஏறின மேடெல்லாம் வீணாப் போச்சு. போங்க.”

“மூணு பேரும் வரணும்னு அந்தப் பையன் சொன்னானல்ல.”

“என்னால ஆகாதுக்கா. இன்னும் பத்து வளைவு இருக்காம்.”

“யாரு சொன்னா?”

“அந்தம்மாதான். எத்தனைன்னு கேட்டேன், ஹத்துன்னாங்க.”

மாதம்மா அவளைப் பார்த்தாள்; வெள்ளரிக்காரியைப் பார்த்தாள். பிறகு ஹேண்டிலின் மேல் கவிழ்ந்து, மணி தானாக அடிக்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“அய்யோ, வடிவு! ஏறுன்னு சொல்லியிருக்கா கணே! ஹத்து! ஏறுடின்னு சொல்லியிருக்கா! முப்பது வருஷம் மைசூர்ல குப்ப கொட்டி என்ன பிரயோஜனம்!”

சுவாதியும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆண்ட்டி, ரெண்டும் ஒரே சொல்லு. எனக்கே கன்ஃபியூஸ் ஆகும்.”

மாதம்மா விடவில்லை. கீழே பார்த்துக் கத்தினாள்: “ஏனவ்வா, எஷ்டு திருவு?”

“நங்கேனு கொத்து?” என்று பதில் வந்தது. எனக்கென்ன தெரியும் என்று. “ஹத்தி, ஹத்தி!”

லிங்கப்பன்கூடச் சிரித்துவிட்டார். வடிவு சிரிக்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். என்னைய எதுக்கு முன்னாடி விட்ட?”

மாதம்மாவின் சிரிப்பு அடங்கியது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தொண்ணூத்தாறுல, ஜூலை மாசம், ஞாபகம் இருக்கா? வேலைக்குச் சேந்து ஒரு மாசம்கூட ஆகலை. நீதான் அப்போ கடைசில வருவ. உன் செயின் கழண்டுருச்சு. மழை. நீ கூப்பிட்டது யாருக்கும் கேக்கலை. நாங்க பாட்டுக்குப் போயிட்டோம்.”

வடிவுக்கு ஞாபகம் இருந்தது. கிரீஸ் படிந்த கையும் நனைந்த புடவையுமாக எட்டு நாற்பதுக்கு வந்து, மூடின கேட்டின் முன்னால் நின்றது. வாட்ச்மேன் குடையைக்கூட நகர்த்தாதது.

“மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கு வெளிய அந்தக் கல்லு மேல உக்காந்திருந்த. என் மெஷினு ஜன்னல் பக்கம். தலையைத் தூக்கினா நீதான் தெரிவ. அன்னைக்கு நான் தெச்சதெல்லாம் கோணல். மறுநாள் எல்லார்கிட்டயும் சொன்னேன், வடிவு முன்னாடி, நான் கடைசின்னு.”

“எங்கிட்டயும் காரணத்தைச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா? நீதான் எல்லாரையும் விட மெதுவுன்னு சொல்லியிருந்தா நீ மறுநாள் வந்திருப்பியா? வெக்கப்பட்டு வேலையே வேண்டாம்னு வீட்டுல உக்காந்திருப்ப. உம் மாமியா சந்தோஷப்பட்டிருப்பா.”

வடிவுக்குத் தெரியும், அது உண்மைதான்.

“மொத ரெண்டு மூணு மாசம் அதான் காரணம்” என்றாள் மாதம்மா. “அப்புறம் எனக்கே மறந்துபோச்சு, வடிவு. ஆணையா சொல்றேன். இன்னைக்குக் காலைல அந்தப் பையன் சொன்னப்பதான் திரும்ப ஞாபகம் வந்துச்சு. அப்புறமெல்லாம் நீ முன்னாடி போற, அவ்வளவுதான். வேற யாரு போவா? உன் பையன் பொறந்தப்போ மூணு மாசம் நீ வரலையே, நாங்க அஞ்சு பேரும் எப்படிப் போனோம்னு தெரியுமா? ஆளுக்கொரு வேகம். நான் மணியடிச்சா கேக்கறதுக்கு முன்னாடி யாரும் இல்ல. மாதேவி மட்டும் ஆறு நாள் கேட்டுக்கு வெளிய நின்னா. நீ இருந்த நாள்ல ஒருத்தி நின்னதுண்டா? சொல்லு, ஒருத்தி?”

வடிவு யோசித்தாள். 1996 ஜூலைக்குப் பிறகு, அவள் முன்னால் போன நாட்களில், யாரும் நின்றதில்லை. ஏழு இருபதுக்குப் புறப்பட்டால் எட்டு பதினெட்டு. அவளுடைய ஐம்பத்தெட்டு நிமிடம். ஆறு பேருக்கும் அதுதான் நேரமாக இருந்தது.

“சொல்லாம இருந்தது தப்புதான்” என்றாள் மாதம்மா, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. “திட்டணும்னா மேல போயித் திட்டு. இப்ப மணி பதினொண்ணு முப்பத்து நாலு.”

“அம்மா, ஏத்தறதா வேண்டாமா?” என்று லிங்கப்பன் கேட்டார், கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு. “நானு எம்மாஞ்சோட்டு நேரம் கதவத் தொறந்து புடிச்சுட்டு நிக்கறதுங்க?”

வடிவு எழுந்தாள். புடவைத் தலைப்பு இல்லாததால் டிராக் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினாள்.

“வேண்டாங்க. கதவ மூடுங்க.” பிறகு திரும்பாமலே சொன்னாள்: “சுவாதி, நீ நடுவுல. என் வேகத்துக்கு வா. முன்னாடி வந்து இடிச்சா பல்லு போயிரும்.”

“சரி ஆண்ட்டி.”

அவள் மிதிக்கத் தொடங்கினாள். தன்னால் எது முடியுமோ அந்த வேகத்தில், அதைவிட ஒரு மிதிகூட வேகமாக இல்லாமல். இருபத்தோரு வருடம் தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்வது முதல் வளைவில் கூச்சமாக இருந்தது. முதுகில் இரண்டு பேருடைய பார்வை சூடாக விழுவதுபோல் இருந்தது. இரண்டாவது வளைவில் சாலை உடைந்திருந்தது. “ஜல்லி!” என்றாள். “ஜல்லி!” என்றாள் சுவாதி. இரண்டு மணி. மூன்றாவது வளைவில் ஒரு பெரிய குரங்கு நடுச்சாலையில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தது. “குரங்கு!” என்றாள். “குரங்கு!” என்றாள் சுவாதி. “யாரடி சொல்ற?” என்று கேட்டுவிட்டு மாதம்மா மணியடித்தாள். அப்போதுதான் வடிவு சிரித்தாள். சிரித்ததில் சைக்கிள் ஆடியது.

மேடு செங்குத்தான இடத்தில், “இறங்கு” என்றாள். மூவரும் இறங்கித் தள்ளினார்கள். இறங்கியிருக்கத் தேவையில்லாத சுவாதியும் இறங்கினாள். “ஏறு” என்றதும் ஏறினார்கள். எத்தனை வளைவு என்று யாரும் எண்ணவில்லை. டெம்போ பின்னாலேயே வந்தது. ஒரு கட்டத்தில் லிங்கப்பன் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, “நல்ல அளவாப் போறீங்கம்மா, எம் வண்டிகூட சூடாகலைங்க” என்றார். மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக விலகிக்கொண்டே போயின. மாதேவி இருந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பாள் என்று வடிவு நினைத்தாள். எங்கே நல்ல காட்சி வந்தாலும் டப்பாவைத் திறக்கிற ஆள் அவள். கடகொள ஏரியில் கொக்கு இறங்கினாலே அவளுக்குப் பசிக்கும்.

மேலே நேரம் குறிக்கும் மேசையை வடிவு கடந்தது பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு. சுவாதி கடந்ததும் பன்னிரண்டு இருபத்தொன்றுக்குத்தான். மாதம்மாவும் அதே நிமிடத்தில் கடந்தாள். வினிதா என்ற கல்லூரிப் பெண் பேனாவோடு எழுந்து வந்தாள். பட்டியலில் கடைசி மூன்று வரிகள் மட்டும்தான் நிரப்பப்படாமல் இருந்தன.

“சூப்பர் ஆண்ட்டி! மூணு பேரும் ஒரே நிமிஷம். வேற எந்தக் குழுவும் இப்படி வரல தெரியுமா? ஒரு குழுவுல முதல் ஆளுக்கும் மூணாவது ஆளுக்கும் நாப்பது நிமிஷம்.” அவள் வடிவைப் பார்த்தாள். “நீங்கதான் முன்னாடி வந்தீங்க, இல்லையா? நீங்கதான் ஸ்ட்ராங்கா?”

மாதம்மா சட்டென்று, “ஆமாம்மா, அவதான்—” என்று தொடங்கினாள்.

“இல்லம்மா” என்றாள் வடிவு. “மூணு பேர்ல நான்தான் ரொம்ப மெதுவு. அதனாலதான் முன்னாடி.”

வினிதா சிரித்தாள், அடக்கத்துக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள் போலும். பக்கத்து டீக்கடையில் நின்ற சைக்கிள்காரர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். வடிவு தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.